பதினொரு பெயர், பதினான்கு பேர்

எங்கள் ஆர்லிங்கோட் தேவாலயத்தின் சாவி பதினேழு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. தேவாலயக் காப்பாளன் என்று பெயர். கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதும், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் வெஸ்ட்ரி என்ற சின்ன அறையை வியாழக்கிழமை மதியங்களில் திறந்து வைப்பதும்தான் வேலை. அந்த அறையில் பழைய பதிவேடுகளின் நகல்கள் இருக்கின்றன. முன்னோர்களைத் தேடி கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக் கண்டதும் சிலர் அழுதுவிடுவார்கள். அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பேன்.

உள்ளூர்க்காரர் யாரும் அதற்காக வந்ததில்லை. அதனால் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஈனிட் ப்ராசர் வந்து வாசலில் நின்றபோது, புல்வெட்டும் இயந்திரம் அவர் கணவரின் கல்லறையை உரசிவிட்டது என்று சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என நினைத்தேன். கணவரின் பெயர் ஐவர். மார்ச் மாதம்தான் இறந்திருந்தார்.

“என்ன பேதுருவே, சாவியும் கையுமா உக்காந்திருக்கே? கதவைத் திற. சொர்க்கத்துக்கு இல்ல, அலமாரிக்கு.”

என் பெயர் க்ளெம். சாவி என்னிடம் இருப்பதால் அவருக்கு நான் சொர்க்க வாசல் பேதுரு.

“வாங்க மிஸஸ் ப்ராசர். அலமாரி தொறந்துதான் இருக்கு. என்ன வேணும்?”

“ஐவரோட ஆளுங்களைத் தேடணும். அவரோட அண்ணன் பேரன் டெஸ்மண்ட் கனடாவுல உக்காந்து குடும்ப மரம் வரையறான். ரெண்டு காகிதம் அனுப்பியிருக்கான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையாம். ஊர்ல இருக்கறவ நான், நான்தான் போய்ப் பாக்கணுமாம். காசில்லாத வேலைக்காரி கெடச்சா யாரு விடுவா?”

கைப்பையிலிருந்து முதலில் செய்தித்தாளில் சுற்றிய, மாவில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பணியாரம் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பிறகுதான் காகிதங்களை எடுத்தார்.

இரண்டும் 1786ஆம் வருடத்து அடக்கங்கள். முதலாவது எங்கள் தேவாலயத்தின் பதிவேட்டிலிருந்து. குருவானவர் தன் கையால் எழுதியது. இரண்டாவது பேராயருக்குப் போன பிரதி. அந்தக் காலத்தில் வருடம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து ஒரு பிரதி எழுதி பேராயருக்கு அனுப்ப வேண்டும். எழுதுவது சபையின் எழுத்தர். குழி வெட்டுவதும் பெரும்பாலும் அவரேதான். குருவானவர் கீழே கையெழுத்து மட்டும் போடுவார். அநேகமாகப் படித்துப் பார்க்க மாட்டார்.

பதிவேட்டில் பதினொரு பெயர்கள். அவற்றில் ஒன்று ஐவரின் முன்னோர், விதவை ஹெஸ்டர் ப்ராசர். பேராயரின் பிரதியிலும் அதே பதினொரு பெயர்கள், அதே தேதிகள். ஆனால் பிரதியின் அடியில் எழுத்தர் மொத்தம் என்று போட்டிருந்த எண் பதினான்கு.

“அந்த மூணு பேரு யாரு?” என்றார் ஈனிட். “அதுல ப்ராசர் யாராவது உண்டா? டெஸ்மண்டுக்குத் தூக்கம் வரலையாம்.”

“எழுத்தருக்குக் கணக்கு வரலையோ என்னவோ.”

“இது என்ன?” ஈனிட் விரலை வைத்தார். பிரதியில் ஹெஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு ஒரு வளையம் வரைந்திருந்தது. முழுதாக மூடாத வளையம். அதன் இடது தோள், மேலே இடது ஓரம், திறந்திருந்தது. தேடிப் பார்த்தோம். இன்னும் இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் அதே வளையம். பதிவேட்டில் எங்கேயும் இல்லை.

பதினொரு பெயர், மூன்று வளையம். கூட்டினால் பதினான்கு வந்தது. ஆனால் வளையம் என்றால் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் புகை வாசனை வந்தது. ஈரக் கட்டை எரியும் வாசனை. எழுந்து வெளியே போய்த் தேவாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கும் நெருப்பு இல்லை.

திரும்பி வந்தபோது ஈனிட் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க போயிட்டு வர?” என்று கேட்கவில்லை. அப்போதே எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது.

அடுத்த வியாழக்கிழமை அவர் டெஸ்மண்டின் காகிதங்களைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“1963ஆம் வருஷத்துப் புஸ்தகம் இருக்கா?”

“இருக்கு. 1921ல ஆரம்பிச்ச புஸ்தகம். சின்ன ஊருதானே, இன்னும் தீரல. இப்பவும் அதுலதான் எழுதறோம். ஐவர்கூட அதுலதான் இருக்காரு.”

“ஜனவரியைக் காட்டு.”

காட்டினேன். 1963 ஜனவரி எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எனக்கு அப்போது பதினான்கு வயது. பனி வேலி உயரத்துக்கு ஏறியிருந்தது. ஆடுகள் நின்றபடியே செத்தன. மண் இரும்பாகிப் போயிருந்தது. அந்த ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் சேர்த்துப் பதிவேட்டில் ஒரே ஓர் அடக்கம்தான் இருந்தது. அகதா லில்வால், திருமணமாகாதவர், வயது எண்பத்தொன்று, ஜனவரி இருபத்து நான்கு. எங்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த டீச்சர்.

“அந்தக் கிழவியா?” என்றார் ஈனிட். “வேற யாரும் இல்லையா?”

“இல்லை. யாரைத் தேடறீங்க?”

அவர் புத்தகத்தை மூடினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எழுபத்தொரு வயதில் அவர் தொப்பியில்லாமல் தேவாலயத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

“எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா, க்ளெம். ஜனவரி இருபத்தொண்ணு. அழல. பனியில வண்டி வராது, டாக்டரும் வரல. மடாக்ஸ் நர்ஸ் மட்டும் ரெண்டு மைல் நடந்து வந்தா. துணியில சுத்தி, அவ பையில வெச்சு எடுத்துட்டுப் போயிட்டா. மொகத்தைக் காட்டலை. அப்ப யாரும் காட்ட மாட்டாங்க, மறந்துடணுமாம். ‘எங்க கொண்டு போற’ன்னு கேட்டேன். ‘தனியா போக மாட்டா கண்ணு, அது மட்டும் நான் சொல்றேன்’னா. அவ்வளவுதான்.”

“ஐவர்?”

“‘ஆச்சு, விடு’ன்னாரு. நாப்பத்தொம்பது வருஷம் அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அவரு சாகட்டும்னு நான் காத்திருக்கல, ஆனா அவரு இருக்கறவரைக்கும் என்னால கேக்க முடியல. அதுவும் நெசந்தான்.”

அன்றும் அவர் கொண்டுவந்திருந்த பன்றிக்கறிப் பணியாரத்தில் ஒரு துண்டு வெட்டி அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“அக்டோபர் ஒண்ணாந்தேதி என் தங்கச்சி மக என்னை ஸ்விண்டனுக்குக் கூட்டிட்டுப் போறா. வீட்டை வித்தாச்சு. அதுக்குள்ள அவ எங்கன்னு எனக்குத் தெரியணும். அவ எங்க கெடக்காளோ அங்கதான் நானும் படுப்பேன். ஐவர் பக்கத்துல எனக்கு எடம் இருக்கு, தெரியும். அவருதான் பேசாம இருக்கப் பழகினவராச்சே. தனியா கெடக்கட்டும்.”

ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தைக்கு அன்று பதிவேட்டில் இடம் கிடையாது. ஜெபமும் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்று தாயிடம் சொல்லும் வழக்கமும் இல்லை. நான் நேசிக்கிற சபைதான் இது. ஆனாலும் இதை எழுதும்போது வெட்கப்படுகிறேன்.

அப்போது வெளியே, வடக்குப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டங். கொஞ்சம் இடைவெளி. டங். இரும்பு இரும்பின்மேல் விழுவதுபோல. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். 1963இல் இரண்டு நாள் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் அது கேட்டது. உறைந்த மண்ணில் மண்வெட்டி விழும் சத்தம்.

ஆகஸ்ட் மாதம். முயல்கூடக் காலால் தோண்டிவிடும் மண்.

நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. அன்று முழுவதும் நான் செய்ததெல்லாம் கெட்டிலை ஒருமுறைக்கு இருமுறை போட்டதுதான். அதன் இரைச்சலில் மற்றது கேட்காது.

பேராயரின் பிரதிகளில் கிடைத்ததையெல்லாம் டெஸ்மண்ட் அனுப்பினான். ஈனிட் அவற்றை நூலகத்தில் அச்செடுத்துக் கட்டாகக் கொண்டுவந்தார். 1742 முதல் 1837 வரை. மூன்றாவது வியாழக்கிழமை மேசைமேல் பரப்பி வைத்து, நான் பதிவேட்டைப் படிக்க, அவர் பிரதியைப் பார்த்து வந்தார். அப்படி நாற்பத்தோரு வளையங்களைக் கண்டோம். ஒவ்வொரு வருடமும் வளையத்தின் எண்ணிக்கை அளவுக்கு மொத்தம் கூடுதலாக இருந்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. கணக்குத் தெரியாத எழுத்தர் அல்ல.

நான் பயந்தது அதனால் அல்ல. இந்தத் தொண்ணூற்றைந்து வருடத்தில் எழுத்தர்கள் மாறியிருக்கிறார்கள். ஒருவருடைய எழுத்து கொக்கிபோல வளைந்தது, அடுத்தவருடையது குண்டு குண்டாக, அதற்கடுத்தவர் பேனாவை அழுத்திக் காகிதத்தையே கிழித்திருக்கிறார். ஆனால் வளையம் மாறவே இல்லை. 1742இன் வளையமும் 1837இன் வளையமும் ஒரே அளவு, ஒரே சாய்வு. இரண்டிலும் இடது தோள் திறந்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரே வளையம்போலத் தெரிந்தது.

“க்ளெம்,” என்றார் ஈனிட். அவர் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “பெரியவங்க பேருக்குப் பக்கத்துல மட்டும்தான் வளையம் இருக்கு, பாத்தியா? ஒரு கொழந்தை பேருக்குப் பக்கத்துலயும் இல்ல.”

பார்த்தேன். உண்மைதான்.

“தனியா போக மாட்டான்னு சொன்னாளே அந்த நர்ஸ்.” அவர் விரல் ஹெஸ்டர் ப்ராசரின் பெயர்மேல் இருந்தது. “இந்தம்மாவும் தனியா போகல. கூட யாரோ போயிருக்காங்க. பேரு இல்லாத யாரோ.”

இறந்து பிறந்த குழந்தையை, அந்த வாரம் இறந்த ஒரு பெரியவரின் சவப்பெட்டியில், அவர் கைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். புனிதப்படுத்திய மண்ணும் கிடைக்கும், அந்தப் பெரியவருக்கான ஜெபமும் அதன்மேல் விழும். குருவானவருக்குத் தெரியாது, தெரிந்தால் எழுத முடியாது. எழுத்தருக்குத் தெரியும், ஏனென்றால் குழி வெட்டியவர் அவர்தான். பதிவேட்டை அவர் தொட முடியாது. ஆனால் பிரதி அவர் கையில் இருந்தது. அதில் ஒரு வளையம் போட்டு, அடியில் ஒரு ஆளைக் கூட்டி, குருவானவரிடம் கையெழுத்து வாங்கிப் பேராயருக்கே அனுப்பிவிட்டார். எண்ணாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

“அப்படின்னா லில்வால் டீச்சர்,” என்றேன் நான்.

“அந்த வாரம் வேற யாரையும் பொதைக்கலையே,” என்றார் ஈனிட். பிறகு திடீரென்று கோபமாக, “அந்த ராட்சசிகிட்டயா என் பிள்ளையைக் குடுத்தாங்க?”

டங் என்றது வெளியே.

இம்முறை நான் கெட்டிலைப் போட எழுந்தபோது ஈனிட் என் கையைப் பிடித்தார்.

“உனக்கும் கேக்குதுதானே?”

“கேக்குது.”

“மொத வியாழக்கிழமையே எனக்குப் புகை வாசனை வந்துச்சு. கெழவிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நீ ஸ்விண்டனுக்கு போன் பண்ணிடுவியோன்னு வாயை மூடிட்டு இருந்தேன்.”

“நானும் அதே பயத்துலதான் இருந்தேன். எனக்குத்தான் கலங்கிடுச்சுன்னு.”

“நமக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளையாவது தேறும். வா.”

வெளியே போனோம். வடக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. புல் அசையாமல் நின்றது. நாங்கள் வெளியே வந்ததும் சத்தம் நின்றுவிட்டது, யாரோ வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பதுபோல.

1963இல் பேராயருக்குப் பிரதி எழுதும் வழக்கம் இல்லை. அது நின்று நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் லில்வாலின் பெயருக்குப் பக்கத்தில் வளையம் போட்டிருக்க ஒரு தாளும் இல்லை. ஆனால் அந்தக் குழியை வெட்டியவர் யாரென்று எனக்குத் தெரியும். பெர்ஸி காட்சால். ஆர்லிங்கோட்டில் யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து காட்சால்கள்தான் குழி வெட்டினார்கள். பெர்ஸி கடைசி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் வில்ஃப் ஆற்றுப் பக்கம் சைடர் என்ற ஆப்பிள் மது பிழிகிறான்.

நானும் ஈனிட்டும் போனபோது வில்ஃப் ஆப்பிள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

“பெரியப்பா நோட்டா? இருக்கு, தகர டப்பாவுல. எதுக்கு? எவனாவது குழிக்குக் காசு பாக்கின்னு சொல்றானா?”

“இல்ல வில்ஃப். 1963 பாக்கணும்.”

“எழுத்து புரியாது உங்களுக்கு. எடதுகைக்காரரு. எங்க வீட்டுல தலைமுறைக்கு ஒருத்தன் எடதுகை, அவன் கைக்குத்தான் மண்வெட்டி போவும். நான் வலதுகை, அதான் சைடர்.” டப்பாவைத் தேடிக்கொண்டே பேசினான். “ஒரு கூத்து தெரியுமா? அவரு எந்தக் குழியையும் ஒரு சாண் அகலம் கூடத்தான் வெட்டுவாரு. கல்லு மாதிரி மண்ணா இருந்தாலும் சரி. ‘எதுக்கு பெரியப்பா, பெட்டிக்கு இவ்வளவு எடம்?’னு கேட்டேன். ‘விருந்தாளி வந்தா?’ன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.”

ஈனிட் மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

நோட்டுப் புத்தகம் மெலிதானது. ஓரமெல்லாம் மண் கறை. தேதி, பெயர், ஆழம், மண்ணின் தன்மை. பெர்ஸி நாற்பது வருடம் எழுதியிருந்தார். 1963 ஜனவரி இருபத்து நான்கில் மட்டும் வழக்கத்தைவிட அதிக வரிகள். வில்ஃப்தான் படித்தான். அவனுக்குத்தான் அந்த எழுத்து பழக்கம்.

“லில்வால், அகதா. தேவாலயத்துக்குள்ள பதினஞ்சு நாள் கெடந்தா. மண்ணு எறங்கல. குழி மேல ரெண்டு நாள் நெருப்பு வெச்சேன். இருபத்திமூணாந்தேதி சாயங்காலம் மடாக்ஸ் நர்ஸ் வந்தா. பெட்டியைத் திறந்து டீச்சரோட எடதுகை மடிப்புல வெச்சேன். க்வென்னோட சால்வையில. பொண்ணு.” வில்ஃப் நிறுத்தினான். “க்வென் எங்க பெரியம்மா. அந்தச் சால்வை எங்கன்னு கடைசி வரைக்கும் தேடிட்டு இருந்தாங்க.”

வரியின் தொடக்கத்தில், பெயருக்குப் பக்கத்தில், பட்டாணி அளவு ஒரு வளையம். இடது தோள் திறந்திருந்தது.

டெஸ்மண்டின் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தேவையும் இல்லை.

“பெரியப்பா அந்தப் பழைய காகிதமெல்லாம் பாத்திருப்பாரா?” என்று கேட்டேன்.

“அவரா? பதிவேடு எந்த அலமாரியில இருக்குன்னே அவருக்குத் தெரியாது. பத்து வயசுல ஸ்கூலை விட்டவரு.” வில்ஃப் தலையைச் சொறிந்தான். “ஏன், என்ன காகிதம்?”

ஈனிட் அந்த வளையத்தின்மேல் விரலை வைத்தார். வில்ஃப் நோட்டை ஈனிட்டிடம் நீட்டினான். வாடிக்கையாளர்களிடம் அரை பென்னி விடாதவன் அன்று இரண்டு பாட்டில் சைடரையும் அவர் பையில் வைத்தான்.

லில்வால் டீச்சரின் கல்லறை வடக்குச் சுவரோரம் இருக்கிறது. கல் ஆடுகிறது என்று போன வருடம்தான் அதைப் படுக்க வைத்தோம். அவருக்குச் சொந்தம் யாரும் இல்லை. பூ வைக்க ஆள் இல்லாததால் நானும் அந்தப் பக்கம் புல்லை வளர விட்டிருந்தேன். செப்டம்பர் கடைசி வாரம், நிழல் விழும் இடம், பனித்துளி மதியம் வரைக்கும் காயாமல் நின்றது.

“ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு நிமிஷம் லேட்டா போனா கதவைச் சாத்திடுவா,” என்றார் ஈனிட். “மழையில வெளிய நிப்பேன். ஒருதடவை ஜன்னல் வழியா மொகத்தைக் காட்டினேன், திரையை இழுத்து விட்டா. ஸ்கேலால கைமுட்டில அடிப்பா. ஒரு கொழந்தையைத் தூக்கி நான் பாத்ததே இல்ல.”

“தெரியும். என்னையும் அடிச்சிருக்காங்க.”

“யாருக்காகவும் ரெண்டு நிமிஷம் காத்திருக்காதவ, க்ளெம்.” படுத்திருந்த கல்லை ஒருமுறை பார்த்தார். “பதினஞ்சு நாள் காத்திருந்திருக்கா.”

ஜனவரி ஒன்பதில் இறந்தவர். எல்லாரும் மண் இளகும் என்று காத்திருந்தார்கள். அது இளகவில்லை. குழந்தை வந்த பிறகு ஒரே நாளில் குழி முழு ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்று பெர்ஸி எழுதியிருந்தார். மண் ஏன் அப்படிச் செய்தது என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஈனிட் என் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். புல்லை விலக்கி உள்ளங்கையை மண்ணில் வைத்தார். வைத்ததும் சட்டென்று என்னைப் பார்த்தார்.

“நீயும் வெச்சுப் பாரு.”

வைத்தேன். மண் சூடாக இருந்தது. வெயில் சூடு அல்ல, அங்கே வெயிலே கிடையாது. ராத்திரி நெருப்பு எரிந்த அடுப்புக் கல் காலையில் இருக்குமே, அந்தச் சூடு. ஓர் அடி தள்ளிக் கையை வைத்தேன். மண் ஈரமாக, ஜில்லென்றிருந்தது. திரும்ப இங்கே வைத்தேன். சூடு.

ஓடிவிட வேண்டும் என்று நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஈனிட் கையை எடுக்கவில்லை. குளிரில் வந்தவர் அடுப்பின்முன் கையை நீட்டுவதுபோல இரண்டாவது கையையும் வைத்தார்.

“பேரு வச்சிருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“வச்சிருந்தேன். உனக்குச் சொல்ல மாட்டேன். ஐவருக்கே சொன்னதில்லை. மொதல்ல அவகிட்டதான் சொல்லணும்.”

நான் எழுந்து தோட்டத்தின் பழைய யூ மரத்தடிக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவர் பேசும் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினார். நடுவில் ஒருதடவை சிரித்தார். பிறகு லில்வால் டீச்சரிடம் ஏதோ சொன்னார். குரலின் விறைப்பிலேயே யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்தது. கடைசியில் அந்த விறைப்பும் போய்விட்டது.

எங்கள் குருவானவர் பிலிப்பா ஏழு தேவாலயங்களுக்கு ஒருத்தர். எப்போதும் காரில்தான் இருப்பார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புகையையும் சூட்டையும் தவிர. அவர் அடுத்த நாளே அங்கி போட்டுக்கொண்டு வந்து, அந்தச் சுவரோரம் குழந்தை அடக்கத்துக்கான ஜெபத்தை முழுவதுமாகப் படித்தார். காலம் வந்தால் ஈனிட்டின் சாம்பலை டீச்சரின் கால்மாட்டில் வைக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார். நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம், வில்ஃபையும் சேர்த்து. அவன் குளித்து, டை கட்டி வந்திருந்தான்.

ஈனிட் டெஸ்மண்டுக்குக் கடிதம் எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். ‘அந்த மூன்று பேரும் யார் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் உன் ஹெஸ்டர் போகும்போது யாரோ ஒருத்தியின் பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள். உன் மரத்தில் அதற்கும் ஒரு கிளை வரை.’ அக்டோபர் ஒன்றாம் தேதி காரில் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டினார்.

“புல்லை வெட்டு, பேதுருவே. நான் சும்மா இருக்கேன்னு நெனைக்காதே, ஸ்விண்டன்ல இருந்து ரயில் இருக்கு.”

“வெட்டறேன் மிஸஸ் ப்ராசர்.”

இதில் ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்லாதது. ஜனவரியில் ஒவ்வொரு தேவாலயமும் மறைமாவட்ட அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். போன வருடம் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எத்தனை அடக்கம். அதை நிரப்புவது காப்பாளன். குருவானவர் கையெழுத்துப் போடுவார். எங்கள் பதிவேட்டில் அந்த வருடம் மூன்று அடக்கங்கள். பழைய பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க அனுமதி இல்லை என்று பிலிப்பா வருத்தத்தோடு சொல்லியிருந்தார். சட்டம் அப்படி.

பேனாவை எடுத்து அடக்கம் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். வாழ்க்கையில் தெரிந்து ஒரு பொய்க் கணக்கு எழுதியதில்லை. எழுதிய பிறகு இது பொய்யா என்று ஆண்டவரிடம் கேட்டேன். குருவிகளைக்கூட எண்ணுகிறவர் அவர். மனம் அமைதியாகத்தான் இருந்தது.

காரின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போடும்போது பிலிப்பா நின்றார்.

“நாலா க்ளெம்? நான் மூணுன்னு நெனச்சேன்.”

“நாலு பேருக்கு நீங்க ஜெபம் பண்ணினீங்க.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, “இது என்ன, நாலுக்குப் பக்கத்துல?” என்றார்.

குனிந்து பார்த்தேன். நான் எண்ணை மட்டும்தான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் பட்டாணி அளவு ஒரு வளையம் இருந்தது. என் பேனாவின் மைதான். இடது தோள் திறந்திருந்தது. நான் வலதுகைக்காரன்.

“பேனா கசியுது,” என்றேன். சொன்னதில் பொய் என்றால் அதுதான் பொய்.

அதற்குப் பிறகு மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை. லில்வால் டீச்சரின் மண்ணும் இப்போது மற்ற மண்ணைப் போலத்தான் இருக்கிறது. கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஆனால் பெர்ஸியின் நோட்டில் இன்னும் நான்கு வளையங்கள் இருக்கின்றன. 1951, 1954, 1960, 1971. அந்தத் தாய்மார்கள் யாரென்று எழுதவில்லை. உயிரோடு இருந்தால் பக்கத்திலேயே எங்காவதுதான் இருப்பார்கள், என்னோடு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிறவர்களாகக்கூட இருக்கலாம். யாரையும் நான் கேட்க முடியாது. அறிவிப்புப் பலகையில், பழைய அடக்கங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் வரலாம் என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சில வியாழக்கிழமைகளில் ஈரக் கட்டை எரியும் வாசனை வருகிறது. அப்போது வெஸ்ட்ரி கதவை அகலத் திறந்து, இரண்டு கோப்பை எடுத்து வைத்து, கெட்டிலைப் போடுகிறேன்.